காற்று சரியில்லை என்று சொன்ன ஞாயிறு

அக்டோபர் 3, வெள்ளி

காலையில் மேகமூட்டம். ஒன்பது மணிக்கு மேல் சுள்ளென்று வெயில். காற்றே இல்லை. இடுப்பு வலி அப்படியே.

சிங்காநல்லூர் தாண்டுவதற்குள் பாதி உசிர் போய்விட்டது. பூஜை முடிந்து இரண்டு நாளாகியும் லாரி, பஸ் எல்லாவற்றிலும் வாழைக்கன்று வாடித் தொங்குகிறது. ஒரு டெம்போக்காரன் என் கண்ணாடியைத் தட்டிவிட்டு, தட்டினதற்கு என்னையே முறைத்தான். இத்தனை வருடம் விமானம் ஓட்டியிருக்கிறேன், பயந்ததில்லை. திருச்சி ரோட்டுக்குத்தான் பயம்.

பல்லடம் தாண்டித் தென்னந்தோப்புக்குள் நம் ஓடுதளம். ஹேங்கரில் ஆயுத பூஜை மிச்சம். எங்கள் விமானப் பயிற்சிப் பள்ளியில் இருப்பதே இரண்டு விமானம். நாலு பேர் உட்காரும் பெரிசுக்குக் காற்றாடியில் செவ்வந்தி மாலை. இரண்டு பேர் உட்காரும் சின்னதுக்கு மூக்கிலிருந்து வால் வரை ஒவ்வொரு திருகாணிக்கும் சந்தனப் பொட்டு. கிரீஸெல்லாம் வழித்து, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, பளபளவென்று. பெண் பார்க்க வருகிறார்கள் என்றால்கூட இத்தனை அலங்காரம் இருக்காது.

பக்கவாட்டில் காற்று போகிற ஊசித் துளையிலும் சந்தனம்! அது அடைத்தால் உயரம் காட்டும் கருவி வாய் கூசாமல் பொய் சொல்லும். கத்திவிட்டேன். எங்கள் பராமரிப்புப் பொறியாளர் மாணிக்கம் அண்ணன் துண்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். "சாமி காரியத்துல கோவிச்சுக்காதீங்க அம்மணி. தொடச்சுப்போடறேனுங்க." ஒரு பொட்டு இல்லாமல் துடைக்கச் சொன்னேன். சரி சரி என்றார். துடைப்பார், பாதி.

ஞாயிறு காலை என் மாணவி ஜெனிக்கு முதல் தனிப்பறத்தல். நான் கீழே நிற்பேன், சின்னதில் அவள் மட்டும். ஒரே ஒரு சுற்று. இந்த வருடம் கற்றுக்கொடுத்ததில் இவள்தான் கையும் தலையும் ஒன்றாக வேலை செய்கிற பிள்ளை. அப்பாவுக்குச் சிங்காநல்லூரில் லேத் பட்டறை. தாத்தா தோட்ட வேலை பார்த்தவராம். வேன் பிடித்து ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் வருகிறார்களாம். "மாமா, சித்தப்பா, சர்ச்சுல இருந்து ரெண்டு பேரு, பக்கத்துப் பட்டறை அண்ணன், எல்லாரும் வாராங்க மேடம். தப்புங்களா?" என்று கேட்டாள். தப்பென்ன, வரட்டும். நான் முதலில் தனியாகப் பறந்த அன்றைக்கு எனக்கு யார் வந்தார்கள்.

வாங்க: தைலம், ரவை, பினாயில். அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து. நாளைக்குக் குழாயில் சிறுவாணித் தண்ணீர் வரும், வீட்டுக்காரர் சேகர் இருக்க மாட்டார், நானே பிடிக்க வேண்டும்.


அக்டோபர் 5, ஞாயிறு

மத்தியானம் மூன்று. வீட்டில் யாரும் இல்லை. எழுதப் பிடிக்கவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

காலையில் அருமையான வானம். வேன் வந்தது. ஜெனியின் அப்பா அந்தோணிராஜ், சலவை கலையாத வெள்ளைச் சட்டை. அம்மா மேரி கையில் துண்டும் மாற்றுத்துணியும். தனியாகப் பறந்து இறங்கினவர் தலையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுவது எங்கள் வழக்கம், அதற்கு. வாளி தயாராக நிரப்பி வைத்திருந்தது. சர்ச்சுக்காரர் ஜெபம் பண்ணினார். பக்கத்துப் பட்டறைக்காரர் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். ஆமென் சொன்னவர்களே எலுமிச்சம்பழத்தை நேராக நகர்த்தியும் விட்டார்கள்.

பள்ளியின் எம்.டி. வந்து வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இந்தத் தோப்பும் ஓடுதளமும் அவர் குடும்பத்தது. "என்ன அந்தோணி, புள்ளய மேல ஏத்தி உட்டுப்போட்டு நீ கீழ நிக்கற?" என்றார். நாற்பது ஆகவில்லை இவருக்கு. அந்தோணிராஜுக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். எங்களையெல்லாம் 'ங்க' போடாமல் கூப்பிடாத வாய். எனக்குக் காது சூடானது. சம்பளம் வாங்குகிறவள், என்ன சொல்ல.

ஜெனி பறப்பதற்கு முந்தைய சோதனையை ஆரம்பித்தாள். இறக்கை, சக்கரம், எண்ணெய், எல்லாம் கை வைத்துப் பார்த்து, தடுப்புக் கயிற்றுக்கு வெளியே நிற்கிற அம்மாவுக்கு உரக்க விளக்கிக்கொண்டே வந்தாள். நான் ரெண்டடி பின்னால். வால் பக்கம் வந்தாள். வாலில் மேலும் கீழும் அசைகிற தட்டு, எலிவேட்டர். அதன் கீலில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. மாணிக்கம் அண்ணன் துடைத்த லட்சணம். கைக்குட்டையால் துடைத்தாள். குனிந்தாள். அப்படியே நின்றாள்.

ஏதோ விரிசலைப் பார்த்துவிட்டாள் என்று நினைத்தேன். சிரித்தாள்.

"மேடம், இது எங்கப்பா போல்ட்டுங்க!"

"என்ன சொல்ற?"

"தல ஓரத்த பாருங்க, ரெண்டு தடவ மழுக்கியிருக்கு. எங்கப்பா மட்டுந்தானுங்க இப்பிடிச் செய்வாரு. கையில குத்தக் கூடாதும்பாரு. சின்ன வயசுல இதையெல்லாம் டப்பாவுல போட்டு வெளையாடுவனுங்க." திரும்பிக் கூவினாள். "அப்பா! சொல்லவே இல்ல?"

கயிற்றுக்கு அந்தப் பக்கம் அந்தோணிராஜ் வெட்கப்பட்டுப்போனார். "பறந்து எறங்குன பொறவு சொல்லலாம்னு இருந்தனுங்க." வேனில் வந்தவர்கள் எல்லாரும் கை தட்டினார்கள். மேரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு நானும் குனிந்தேன். விமான போல்ட் என்றால் தலையில் தரத்தைச் சொல்கிற குறி மேடாக இருக்கும். இதில் ஒன்றும் இல்லை. வழவழவென்று கண்ணாடி. என் கண்ணே அதில் தெரிந்தது. அந்தப் பக்கம் பள்ளம் வெட்டின நட்டும் குறுக்கே பிளவு ஊசியும் இருக்க வேண்டும். இருந்தது மோட்டார் சாமான் கடையில் கிடைக்கிற சாதா நைலான் நட்டு.

அந்த போல்ட் விட்டால் எலிவேட்டர் கழன்று ஆடும். மூக்கு நாம் சொல்வதைக் கேட்காது. மேலே அந்தப் பிள்ளை தனியாக இருந்திருக்கும்.

அத்தனை முகமும் என்னையே பார்க்கிறது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "இன்னிக்கு வேண்டாம். காத்து சரியில்லை."

சுற்றிலும் காற்றாலைகள். ஒன்றின் இறக்கைகூட அசையவில்லை. காற்றுப்பை ஈரத் துண்டு மாதிரித் தொங்கியது. அந்தோணிராஜ் காற்றாலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு வாலைப் பார்த்தார். "மேடம் சொன்னா சரிதானுங்க. இன்னொரு நாளைக்கு வாரோமுங்க" என்றார்.

ஜெனி முகத்தை நான் பார்க்கவில்லை.

கொண்டுவந்த சாப்பாட்டை வேப்ப மரத்தடியிலேயே பிரித்தார்கள். எனக்கும் ஒரு தட்டு. மட்டன் நன்றாக இருந்தது. அந்த நேரத்திலும் நாக்குக்கு ருசி வெட்கமில்லாமல் தெரிந்தது. வாளித் தண்ணீரைக் காவலாளி எடுத்துத் தென்னைக்கு ஊற்றினார்.


அக்டோபர் 6, திங்கள்

வெயில். தூக்கம் சரியில்லை. சட்னி அரைக்கவில்லை, பொடிதான்.

மாணிக்கம் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். மறைக்கவில்லை. அந்தமட்டும் சரி.

நடந்தது இது. ஆடிக் கடைசியில், அம்மா கண் ஆபரேஷனுக்காக நான் லீவில் இருந்தபோது, சின்னதுக்கு வழக்கமான பெரிய சோதனை. கீல் போல்ட் தேய்ந்திருந்தது. புதுசுக்கு எழுதினார்கள். வெளிநாட்டிலிருந்து வர மாதக்கணக்கில் ஆகும் என்று பதில். மாணவர்கள் பறக்க முடியாமல் முணுமுணுப்பு. எம்.டி. வந்து பழைய போல்ட்டைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தாராம். "ஏனுங்க மாணிக்கம், கோயமுத்தூர்ல ஒரு போல்ட்டு கெடைக்கலீன்னு சொன்னா ஊரே சிரிக்காதுங்களா?"

அவ்வளவுதான். சிங்காநல்லூருக்குப் போய்விட்டது போல்ட்.

இந்த ஊரின் வியாதி இது. மாவாட்டுகிற யந்திரமா, தறிக்கு ஒரு சாமானா, நின்றுபோன ஜெர்மன் மெஷினுக்குப் பல்சக்கரமா, எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் சாயங்காலத்துக்குள் அதே மாதிரி கடைந்து கையில் கொடுத்துவிடுவார்கள். அசலைவிட அழகாகவே இருக்கும். முடியாது என்று சொல்வது இங்கே கௌரவக் குறைச்சல். எனக்கும் அந்தப் பெருமை உண்டு. எங்கள் வீட்டு மிக்ஸியே அப்படித்தான் ஓடுகிறது.

"நல்ல கம்பிதானுங்க அம்மணி. தண்ணி மோட்டாருக்குப் போடற ஸ்டெயின்லெஸ்ஸு."

"மோட்டார் நின்னா தண்ணி வராது அண்ணா. இது நின்னா?"

அவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டே, "கழட்டி சாயம் போட்டுப் பாத்துப்போடலாம். ஒண்ணுமே இருக்காது, பாருங்க" என்றார். என்னைச் சமாதானப்படுத்தத்தான் செய்தார். கழற்றினார். சிவப்புச் சாயம் அடித்து, துடைத்து, மேலே வெள்ளைப் பொடி தெளித்தார். விரிசல் இருந்தால் உள்ளே போன சாயம் மெல்ல மேலே கசியும். டீ வந்தது. குடித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தோம். கிரிக்கெட் பேசினார்.

தலைக்குக் கீழே, கழுத்தில், ஒரு சிவப்புக் கோடு. மயிரிழை. மெல்ல நீண்டு பாதிச் சுற்றுக்கு வந்தது.

"அட சாமி" என்றார். டீயைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். "நான் கையெழுத்துப் போட்டிருக்கேனே அம்மணி."

எனக்கு அவரை அறையலாம் போலவும் இருந்தது, தோளைப் பிடித்து உட்கார வைக்கலாம் போலவும் இருந்தது. மழையில் நான் இறங்கினால் முதலில் குடையோடு வருகிற மனுஷர். தையில் மகளுக்குக் கல்யாணம்.

பெரிசிலும் இந்த மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். தரையைப் பார்த்தார்.

ஒன்று எழுதிவிட வேண்டும். ஆடியிலிருந்து தினமும் நானும்தான் அந்த வாலைப் பார்த்தேன். பார்த்தேனா? இடுப்பு வலி என்று குனியாமல், தட்டைக் கையால் ஆட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தேன். கிரீஸ் மூடியிருந்தது என்பது சாக்கு. சனியன் பிடித்த இடுப்பு.


அக்டோபர் 7, செவ்வாய்

புழுக்கம். மேற்கே இடி, மழை இல்லை.

எம்.டி. அறையில் ஏசி, முந்திரி, காபி. மிரட்டும்போதுகூட மரியாதை குறையாது எங்கள் ஊரில்.

"தப்பு நடந்துபோச்சுங்க மேடம், நான் இல்லீன்னு சொல்லலீங்க. கழட்டியாச்சு. புதுசு வந்ததும் போட்டுக்கலாமுங்க. மேலிடத்துக்கு எழுதித்தான் ஆகோணுமுங்களா?"

ஆகணும் என்றேன்.

"மாணிக்கத்துக்கு லைசன்ஸ் போயிருமுங்க. ஸ்கூலை மூடிப்போடுவாங்க. பசங்களுக்கு எதிர்காலம் என்னங்க ஆகும்? அந்த ஜெனிப் புள்ளயே நடுவுல நிக்குமுங்களே."

முந்திரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்க பேரும் வருமுங்க மேடம். தினமும் பாத்து, சரியா இருக்குதுன்னு சொன்னது நீங்கதானுங்களே."

இதைத்தான் கடைசிக்கு வைத்திருந்தார். உண்மைதான், அதனால்தான் சுருக்கென்றது. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். "பாத்துப் போங்க, ரோட்டுல டிராபிக்கு" என்றார். அக்கறை.

சேகர் ஈரோட்டிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டார். நூல் மார்க்கெட் படுத்துக் கிடக்கிறதாம். எல்லாம் சொன்னேன்.

"வேலை போயிருமா?"

"போகும்னு நினைக்கிறேன்."

"வேற எங்க எடுப்பாங்க இந்த வயசுல?"

"தெரியலீங்க."

"ம்." டிவி போட்டார். தோசை கேட்டார். ஊற்றினேன். மாவு புளித்திருந்தது, அவர் சொல்லவில்லை. அதுவே பெரிய விஷயம்.

எழுதாமல் விட்டால்? மாணிக்கம் அண்ணனுக்கு மகள் கல்யாணம் நடக்கும், எம்.டி. முந்திரி தருவார், நான் திருச்சி ரோட்டில் போய் வருவேன். பெரிசில் என்ன இருக்கிறது என்று மட்டும் யாருக்கும் தெரியாது. அவர் தரையைப் பார்த்த பார்வை கண்ணை விட்டுப் போகவில்லை.

எழுதினேன். விமானத் துறை அலுவலகத்துக்கு, போல்ட் படத்தோடு. குனிந்து பார்க்காதது என் தவறு என்றும் எழுதினேன். அனுப்பினேன். நிம்மதி வரும் என்பார்கள். வரவில்லை. போய்த் தோசைக்கல்லைத் தேய்த்தேன்.


அக்டோபர் 8, புதன்

தண்ணீர் வந்தது. பிடித்தாயிற்று. மோட்டார் ஊரெல்லாம் கூவுகிறது.

அந்தோணிராஜிடம் வேறு யாராவது சொல்லி அவர் தெரிந்துகொள்ளக் கூடாது. நானே போனேன். சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், குளத்துப் பக்கம் சந்தில் பட்டறை. இரண்டு லேத். ஒன்றில் அவரே நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் பஞ்சுக் கழிவில் கையைத் துடைத்தார். ஸ்டூலையும் துடைத்துப் போட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சொன்னார். "அன்னிக்குக் காத்து நல்லாத்தானுங்க இருந்துச்சு."

"ஆமாங்க."

"என்ற போல்ட்டுங்களா?"

"ஆமாங்க. விமானத்துக்குப் போடற எஃகு வேற. சுமை தாங்கறதுக்குன்னு பதப்படுத்தி, சோதிச்சு, அப்புறந்தான் தருவாங்க. இதுல வேலைத்தனத்துல குறை இல்லை. ஆனா…"

"விரிஞ்சிருந்துச்சுங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். முன்னெச்சரிக்கையாக மாற்றினோம், அவ்வளவுதான் என்று. நாக்கு நுனிவரை வந்தது. ஒரு தடவை காற்று மேல் பழி போட்டுப் பார்த்தாயிற்றே, என்ன ஆயிற்று. "விரிஞ்சிருந்துச்சுங்க" என்றேன். எங்கே என்று கேட்டார். தலைக்குக் கீழே என்று என் விரலில் காட்டினேன்.

லேத்தை நிறுத்தினார். அது சுற்றி ஓய ரொம்ப நேரம் எடுத்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எங்கய்யன் எம்.டி. ஊட்டுத் தோட்டத்துல பண்ணையத்துல இருந்தவருங்க. கேட்டுக்கு வெளிய நின்னுதான் பேசுவாரு. அந்த ஊட்டுப் பையன் கார்ல வந்து, இந்தா, நீங்க உக்காந்திருக்கற எடத்துல நின்னு, 'அந்தோணி, உன்னாலதான் முடியும்'னாருங்க. என்ற புள்ள ஓட்டற பிளேனு வேற. கூலி வேண்டாம்னு சொல்லிப்போட்டேன்."

அப்புறம் ரொம்ப மெதுவாக, "என்ன கம்பி போடோணும்னு கேட்டனுங்க மேடம். நல்லதா போடுன்னாங்க. எங்கிட்ட இருந்ததுலயே நல்லதத்தான் போட்டேன்."

என்னால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. உங்கள் மேல் தப்பில்லை என்றேன். கேட்டவர்கள், மாட்டினவர்கள், கையெழுத்துப் போட்டவர்கள், பார்க்காமல் விட்ட நான், எங்கள் மேல்தான் என்றேன். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. கையை விரித்து உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜெனிக்குத் தெரியுமுங்களா?"

"இன்னும் சொல்லலீங்க."

"நானே சொல்லிக்கறனுங்க."

டீ வாங்கி வரச் சொன்னார். குடித்தேன். வரும்போது தெருமுனை வரை கூடவே வந்தார். நான் வண்டியை எடுக்கும் வரை நின்றிருந்தார்.


அக்டோபர் 10, வெள்ளி

லேசாகத் தூறல்.

சென்னையிலிருந்து இரண்டு அதிகாரிகள். ஹேங்கருக்குச் சீல். பெரிசில் எரிபொருள் குழாயைப் பிடிக்கிற கவ்வி ஆட்டோ சாமான் கடையுடையதாம். இன்னும் என்னென்னவோ. நினைத்தது சரியாகிப்போனதில் ஒரு சந்தோஷமும் இல்லை.

மாணவர்கள் கேன்டீனில் பேசிக்கொண்டது, நான் வருவது தெரியாமல்:

"ஒரு போல்ட்டுக்கு இவ்ளோ சீன் போடறதாடா?"

"கிழவிக்கு ரிட்டயர் ஆகற ஆசை வந்திருச்சு. நம்ம தலையில கை வெச்சிருச்சு."

கிழவியாம். நாற்பத்தெட்டு. டேய், உங்களுக்கு வால் பக்கம் குனியக் கற்றுக்கொடுத்ததே இந்தக் கிழவிதான். அப்படிக் கத்த வேண்டும் போல வாயில் நன்றாக வந்தது. கடைசியில் குனியாதது நான்தானே. டீ மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

விசாரணை முடியும் வரை நானும் பறக்கக் கூடாது, வர வேண்டாம் என்று கடிதம். லாக்கர் காலி செய்தேன். கறுப்புக் கண்ணாடி, தைலம் அரை பாட்டில், ஒற்றைச் சாக்ஸ், போன வருட மாணவர்கள் கொடுத்த கோப்பை (கைப்பிடி இல்லை), குடை. குடை மாணிக்கம் அண்ணனுடையது. கொண்டுபோய்க் கொடுத்தேன். அவரும் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

"நல்லதுதான் பண்ணுனீங்க அம்மணி" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. குடையை வாங்கிக்கொள்ளவில்லை. "மழை வருது, நீங்களே வெச்சுக்கங்க."

எம்.டி. வழியில் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார். "இப்ப திருப்திங்களா மேடம்?" போய்விட்டார். அதிலும் ஒரு 'ங்க'.


அக்டோபர் 11, சனி

மழை. துணி காயவில்லை. வீட்டில் ஒட்டடை அடித்தேன், இடுப்பு போயிற்று.

அம்மா போனில். கண் நன்றாகத் தெரிகிறதாம், பக்கத்து வீட்டுக்காரி நரைமுடிகூடத் தெரிகிறதாம். "வேலையெல்லாம் எப்படிக் கண்ணு இருக்குது?" நல்லா இருக்குதும்மா என்றேன். ஜெனிக்கு இரண்டு தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை.

சேகரின் தம்பி பேசினான். "அண்ணி, கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்கலாமுங்க." என் அண்ணன் பேசினான். அவனுக்கும் அதேதான், வேறு வார்த்தையில். எல்லாருக்கும் வேலையைப் பற்றித்தான் கவலை. அலுப்பாக இருக்கிறது. பேசவே அலுப்பு. மத்தியானம் முழுக்கப் படுத்தே கிடந்தேன், காற்றாடியைப் பார்த்துக்கொண்டு.


அக்டோபர் 12, ஞாயிறு

விடிகாலை மழை விட்டது. வெளுத்த வானம். பறப்பதற்கு நல்ல நாள், யாருக்கு?

பத்து மணி வாக்கில் மணி அடித்தது. சேகர் போய்த் திறந்தார். அந்தோணிராஜ், மேரி, ஜெனி. சர்ச் முடிந்து நேராக வந்திருக்கிறார்கள். ஒரு சீப்பு செவ்வாழை. என் தலை வாரவில்லை, நைட்டியில் இருந்தேன். ஓடிப்போய்ப் புடவை சுற்றிக்கொண்டு வந்தேன்.

ஜெனி கண் வீங்கியிருந்தது. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. "மேடம், நான் அதப் பாத்து சிரிச்சனுங்களே" என்றாள். "கை தட்ட வெச்சனுங்களே."

"நீ பார்த்ததாலதான் தெரிஞ்சுது. நான் ரெண்டு மாசமாப் பார்க்கல."

அவள் உட்கார்ந்தாள். வேறு ஊர்ப் பள்ளியில் இடம் கேட்டிருக்கிறார்களாம், கிடைக்கும் போலிருக்கிறது. மறுபடியும் ஆரம்பத்திலிருந்து. பரவாயில்லை என்றாள். சேகர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, மழை, மார்க்கெட் என்று ஏதோ பேசிப் பார்த்தார்.

அந்தோணிராஜ் சோபா நுனியில் உட்கார்ந்திருந்தார். பேச்சு ஓய்ந்ததும் எழுந்து நின்றார். இரண்டு கையையும் கூப்பினார்.

"மேடம், புதன்கெழம நீங்க வந்துட்டுப் போனதுல இருந்து புள்ள, புள்ளன்னு அதையேதானுங்க நெனச்சுட்டுக் கெடந்தேன். சோறு எறங்கல. நேத்து எங்கூட்டுக்காரிதான் கேட்டா. 'புள்ள என்ன தனியாவா போச்சு, இத்தன நாளும் மேடமும் பக்கத்துல உக்காந்துதான போனாங்க. அந்த அம்மணிக்கும் ஒரு ஊடு வாசல் இருக்குதல்ல'ன்னு. எனக்கு அப்பத்தானுங்க ஒறச்சுது. ஒரு தடவயா, ரெண்டு தடவயா. தினமும் ஒவ்வொரு புள்ளையோட, நாளெல்லாம். உங்க உசுரையும் என்ற போல்ட்டுலதானுங்க மாட்டி வெச்சிருந்தேன். பட்டறையில என்ற முன்னால உக்காந்து டீ குடிச்சீங்க, எனக்கு அதக் கேக்கத் தோணல. மன்னிச்சுப்போடுங்க மேடம்."

"அட, விடுங்க அதெல்லாம். உக்காருங்க. காபி போடறேன்" என்று உள்ளே வந்துவிட்டேன்.

பாலை அடுப்பில் வைத்தேன். டம்ளர் எடுக்கப் போன கை அப்படியே நின்றது. எத்தனை பேர் பேசினார்கள் இந்த வாரத்தில். எம்.டி., அதிகாரிகள், பசங்கள், அண்ணன், கொழுந்தன். ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லை. அந்த விரிசலோடு நான் போய் வந்தேன் என்று இந்த நாட்குறிப்பில்கூட நான் ஒரு வரி எழுதவில்லை.

சேகர் பின்னால் வந்து நின்றார்.

"நீயும் அதுலதான் போனியா?"

"தினமும் அதுலதாங்க போனேன்."

"எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"நீங்க கேக்கவே இல்லீங்களே."

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அவர் எட்டி அணைத்தார். துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார், துடைக்கத் தெரியாமல், பரப்பிக்கொண்டு. நான் மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஹாலுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

சர்க்கரை டப்பா எங்கே என்று கேட்டு, எல்லாருக்கும் காபி போட்டது மேரிதான்.